எழுதப்படாத கணக்கு: செட்டிநாட்டு பேட்டரி நிறுவனம் ஒன்றின் வளர்ச்சியும் அதில் வேலை பார்த்தவர்களும்

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிறுவனம், மின்சார ஸ்கூட்டர்களுக்கும் வீட்டு இன்வெர்ட்டர்களுக்கும் லித்தியம் பேட்டரி பேக் (பல செல்களைச் சேர்த்துக் கட்டிய பெட்டி) செய்து கொடுப்பது. காரைக்குடியை ஒட்டிய ஒரு கிராமத்தில் 2020ஆம் ஆண்டின் இறுதியில் ஒன்பது பேரோடு அது தொடங்கியது. 2023 மே மாதத்தில் அங்கே இருநூறு பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். அந்த ஆண்டுத் தீபாவளிக்கு அவர்களில் பாதிப் பேர் இல்லை. நான் முதல் ஒன்பது பேரில் ஒருவன். தரப் பரிசோதனைப் பிரிவைப் பார்த்துக்கொண்டேன். நிறுவனத்தை விட்டு வந்த பிறகு, என்னோடு இருந்தவர்கள் பலரிடமும், இன்னும் அங்கே இருப்பவர்கள் சிலரிடமும் உட்கார்ந்து பேசி இதை எழுதுகிறேன். இதை வெளியாள் பார்வை என்று யாரும் கொள்ள வேண்டாம். கீழே வரும் தவறுகளில் ஒன்றில் என் கையெழுத்தும் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன.

காரைக்குடிப் பக்கம் பேட்டரி நிறுவனமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. ஊரில் அதைச் சிக்ரி என்றால்தான் ஆட்டோக்காரருக்கும் தெரியும். எங்கள் ஒன்பது பேரில் இருவர் அங்கே பி.டெக். படித்தவர்கள். நிறுவனரோ பெங்களூருவில் பத்தாண்டு வேலை பார்த்துவிட்டு, பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டைத் திறந்து உட்கார்ந்தவர். அந்த வீட்டுக்குப் பல ஊர்களில் பங்காளிகள். விற்கவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. ஆகவே வாடகை என்று பெரிதாக எதுவும் இல்லை.

வளவில், அதாவது வீட்டின் முதல் முற்றத்தைச் சுற்றிய பகுதியில், அசெம்பிளி நடந்தது, அதற்கடுத்த இரண்டாங்கட்டில் சார்ஜ் செய்து இறக்கும் சோதனை நடந்தது, முன்பு வெள்ளிப் பாத்திரம் வைத்திருந்த இருட்டறையில் செல் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ரப்பர் விரிப்பைப் போட்டு, கையில் நிலைமின்சாரத்தை இறக்கும் பட்டை கட்டி, அதன் கம்பியைக் கிணற்றடியில் தோண்டிய எர்த் குழிக்குக் கொண்டுபோனோம். எல்லாரும் எல்லா வேலையும் பார்த்தோம். நிறுவனரை அண்ணே என்றுதான் கூப்பிட்டோம். சம்பளம் ஏழாம் தேதி வரும்; ஒரு மாதம் பதினைந்தாம் தேதி ஆனால், "செல்லுக்குப் பணம் கட்டிட்டேன்டா, பொறுத்துக்கங்க" என்பார், பொறுத்துக்கொண்டோம். பண்டிகை முன்பணம், விடுப்பு, பிற்காலத்தில் கம்பெனியில் பங்கு என்று அத்தனையும் வாய்ச்சொல். அவர் சொன்ன சொல் தவறியதில்லை என்பதால் எழுதிக் கேட்பது அசிங்கம் போலத் தோன்றியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன அந்தக் காலத்துச் செட்டிநாட்டில், கடைக்கு ஆள் அனுப்பும்போது மூன்றாண்டுக் கணக்குக்கு இன்ன சம்பளம் என்று சம்பளச் சீட்டு எழுதிக்கொள்வது வழக்கம். பெட்டியடிப் பையனாகப் போனவன் அடுத்தாளாகி மேலாளாவது வரை படிக்குப் படி பெயர் இருந்தது, கணக்கு முடிக்க ஐந்தொகை இருந்தது. நாங்கள் செல் அடுக்கிய அறையின் மரப் பெட்டியிலேயே அப்படிப்பட்ட பேரேடுகள் கரையான் அரித்துக் கிடந்தன. அதே கூரையின் கீழ் ஒன்பது பேர் ஒரு நியமனக் கடிதம்கூட இல்லாமல் இரண்டாண்டு வேலை பார்த்திருக்கிறோம்.

வளர்ச்சி வந்த வழி

நிறுவனம் தன் விருப்பத்துக்கு வளர்ந்தது என்று சொல்ல முடியாது. வெளியிலிருந்து வந்த தள்ளுதல்கள் அதிகம். 2022 கோடைத் தொடக்கத்தில் நாட்டின் பல இடங்களில் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்தன. அதன் பின் மத்திய அரசு பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ்.-156 விதியைத் திருத்தி இறுக்கியது: முதல் கட்டம் 2022 டிசம்பர் 1, இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31. ஒரு செல்லில் பற்றும் தீ அடுத்த செல்லுக்குத் தாவுவது பற்றிய சோதனை, வெப்ப உணரிகள், எச்சரிக்கை ஒலி, தண்ணீர் புகாத பெட்டி என்று பட்டியல் நீண்டது. இதைச் செய்ய முடியாத சிறு பேக் தயாரிப்பாளர்கள் பலர் கடையை மூடினார்கள். அவர்களிடம் வாங்கிக்கொண்டிருந்த ஸ்கூட்டர் நிறுவனங்கள் எங்களிடம் வந்தன. முதலீட்டாளர் ஒருவரும் வந்தார். திருச்சி–இராமேசுவரம் சாலையோரம் தகரக் கொட்டகை எழும்பியது. தேவகோட்டை, கல்லல், பள்ளத்தூர், புதுவயல் என்று நான்கு வழியில் வேன் ஓடியது.

புதுவயல் வேனில் வந்தவர்களில் பெரும்பாலோர் அதுவரை அரிசி ஆலைகளில் வேலை பார்த்த பெண்கள். அவர்களை ஒரு ஒப்பந்தக்காரர் வழியாக எடுத்தார்கள். ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் சிலர் கம்பெனிக் கணக்கில், சிலர் ஒப்பந்தக் கணக்கில். ஒரே மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து ஒரே நிக்கல் பட்டையைப் பற்றவைத்த இருவரில் ஒருவருக்கு நீலச் சட்டை, மற்றவருக்குச் சாம்பல் சட்டை. நீலச் சட்டைக்கு வருங்கால வைப்பு நிதிச் சீட்டு வரும். சாம்பல் சட்டைக்கு ஒப்பந்தக்காரர் எதைக் கட்டினார், எதைக் கட்டவில்லை என்று கேட்டால் பதில் வர நாளாகும். சட்டை நிறம் பற்றிய மனக்குறையைத்தான் நான் பேசியவர்கள் எல்லாரும் முதலில் சொன்னார்கள். சம்பள வித்தியாசம் அதற்கடுத்துத்தான் வந்தது.

அந்த மாதங்களில்தான் அண்ணே என்ற அழைப்பும் சார் ஆனது. யாரும் உத்தரவு போடவில்லை. பெங்களூருவில் இருந்து வந்த உற்பத்தி மேலாளர் அவரை சார் என்றார், பிறகு எல்லாரும் சொன்னார்கள். என்னிடம் பேசிய ஒரு பழைய டெக்னீசியன் இதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார்: "அண்ணேன்னு கூப்பிட்டப்ப கேக்கக் கூச்சம், சார்னு ஆனப்புறம் கேக்கப் பயம். கேக்கவே இல்லண்ணே கடைசி வரைக்கும்."

பங்குனி

காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலில் மாசி–பங்குனியில் திருவிழா. காப்புக் கட்டிவிட்டால் விரதம், முளைப்பாரி, பால்குடம் என்று சுற்றுவட்டாரமே அதில் இருக்கும். மார்ச் மாதம் நிதியாண்டின் கடைசி மாதமும் ஆகும். 2023இல் அது ஏ.ஐ.எஸ். இரண்டாம் கட்டக் கெடுவும் ஆனது. முந்தைய ஆண்டுகளில் நாங்கள் ஒன்பது பேரும் பேசி, பால்குடம் எடுப்பவர்களுக்கு விட்டுக்கொடுத்து, மற்றவர்கள் இரட்டை ஷிஃப்ட் பார்த்துச் சமாளித்தோம். இந்த முறை மார்ச் முழுவதும் விடுப்பு கிடையாது என்று வாட்சாப் குழுவில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. லைனில் இருந்தவர்களுக்கு அதை மற்றவர் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

பால்குட நாளன்று கல்லல் வேனிலும் புதுவயல் வேனிலும் பாதி இருக்கைகள் காலி. வராதவர்களுக்கு அந்த நாள் சம்பளம் போனதோடு, மாதம் முழுவதும் வந்தால் தரப்படும் வருகைப் படியும் போனது. வருகைப் படி இப்படிப் போகும் என்பது அவர்களில் பலருக்குச் சம்பள நாளன்றுதான் தெரிந்தது. மேலாளரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு இந்த ஊர்க் காப்புக் கட்டு என்பது என்னவென்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

ஏப்ரல், மே

அடுத்த அடி மானியத்தின் வழியாக வந்தது. மின்சார வண்டிகளுக்கான மத்திய அரசின் ஃபேம்-2 திட்டத்தில் ஸ்கூட்டருக்குக் கிடைத்த மானியம் பேட்டரிக் கொள்ளளவில் ஒரு கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகக் குறையும் என்றும், உச்சவரம்பு வண்டி விலையில் 40 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக இறங்கும் என்றும், இது 2023 ஜூன் 1 முதல் நடப்புக்கு வரும் என்றும் மே மாதம் அறிவிப்பு வந்தது. விலை ஏறும் முன் வாங்கிவிட வேண்டும் என்று மக்கள் ஷோரூம்களுக்கு ஓடினார்கள். அந்த மே மாதத்தில் நாடு முழுவதும் பதிவான மின்சார இருசக்கர வண்டிகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. எங்களுக்கு ஸ்கூட்டர் நிறுவனங்களிடமிருந்து வந்த அழைப்புகளில் ஒரே சொல்தான்: எத்தனை கொடுத்தாலும் எடுத்துக்கொள்கிறோம்.

பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் இரண்டு. அப்போது நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948 சொன்னது நாளுக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி. அதற்கு மேல் பார்த்தால் இரட்டைக் கூலி. எங்கள் சம்பளச் சீட்டில் ஓ.டி. என்ற கட்டமே இல்லை. கூடுதல் நேரத்துக்கு இன்சென்டிவ் என்ற பெயரில் ஒரு தொகை வந்தது. அது எப்படிக் கணக்கிடப்பட்டது என்று கேட்டவர்களுக்கு, பேக் எண்ணிக்கையைப் பொறுத்தது என்ற பதில் கிடைத்தது. எஞ்சினியர்களுக்கு அதுவும் இல்லை, அவர்கள் ஸ்டாஃப். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. வேனில் யாரோ கைபேசியில் அந்தச் செய்தியை உரக்கப் படிக்க, நமக்கு இது பழைய சேதி என்று சாம்பல் சட்டைகள் சிரித்தார்களாம்.

இந்த இடத்தில் ஒரு மேசையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

பேக் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு செல்லையும் அதன் மின்னழுத்தத்தையும் உள் மின்தடையையும் அளந்து தரம் பிரிப்பார்கள். 3.2 வோல்ட் செல் பதினாறு தொடராகச் சேர்ந்தால் 51.2 வோல்ட் பேக். பதினாறில் ஒன்று சொத்தையானால் போதும்; சார்ஜ் ஆகும்போது அது முதலில் நிறையும், இறங்கும்போது முதலில் தீரும், மற்ற பதினைந்தும் அதன் பின்னால் இழுபடும். பிறகு நிக்கல் பட்டை பற்றவைப்பு. புதுவயலில் இருந்து வந்த ஓர் அக்கா, அரிசி ஆலையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர், மூன்றே மாதத்தில் அந்த மேசையின் முதல் ஆளாகிவிட்டார். பற்றவைக்கும்போது எழும் சிறு சத்தத்திலேயே பிடித்ததா பிடிக்கவில்லையா என்று சொல்வார். இழுத்துப் பார்க்கும் சோதனைக் கருவியில் நான் போட்டுப் பார்த்திருக்கிறேன், அவர் வேண்டாம் என்று ஒதுக்கியதில் பெரும்பாலானவை கழன்று வரும். கருவி வாங்கும் முன் அவர் காதுதான் எங்கள் கருவி.

மே மாதக் கடைசி வாரத்தில் இரவு ஷிஃப்டில் ஒரு தொகுதி பேக் அவர் மேசைக்கு வந்தது. பற்றவைப்பு இயந்திரத்தின் முனை தேய்ந்திருந்தது, மாற்று முனை வந்து சேரவில்லை. முப்பது பேக்கில் சத்தம் சரியில்லை என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வைத்துவிட்டார். லாரி காலை ஆறு மணிக்கு. சூப்பர்வைசர் வந்து, சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடும்படி கேட்டார். அக்கா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "நான் போட மாட்டேன் தம்பி. வண்டியில போறது யாரு புள்ளையோ. ஒங்களுக்கு வேணும்னா நீங்க போட்டுக்கங்க." என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய், அந்த முப்பதில் ஐந்தை எடுத்து இழுத்துப் பார்த்தேன். நான்கு நின்றன, ஒன்று கழன்றது. அந்த ஒன்றை நிறுத்திவிட்டு மீதியில் என் கையெழுத்தைப் போட்டேன். ஐந்தில் ஒன்று கழன்றால் மீதி இருபத்தைந்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அதே பிரிவில் சேர்ந்த பையன்களுக்குப் பாடம் எடுத்தவன் நான்.

தீ எதுவும் பற்றவில்லை. இரண்டு மாதத்தில் அந்தத் தொகுதியில் ஏழு பேக் உயிரற்றுத் திரும்பி வந்தன. மென்பொருள் என்றால் இரவோடு இரவாகத் திருத்தி அனுப்பலாம். இங்கே பெட்டியைத் திறந்து, பட்டையைப் பெயர்த்து, செல்லைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். அந்த ரீவொர்க் மேசையில் உட்கார வைக்கப்பட்டவர் அதே அக்கா. கையெழுத்துப் போட்ட என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. போட மறுத்த அவருக்கு அந்த மாத இன்சென்டிவ் குறைந்திருந்தது, ஏனென்றால் அன்றிரவு அவர் மேசையில் பேக் எண்ணிக்கை குறைவு. அவராகச் சொல்லவில்லை, நான் விலகிய பிறகு பேசும்போதுதான் தெரிந்தது.

ஜூன்

ஜூன் மாதத்தில் நாடு தழுவிய விற்பனை மே மாதத்தின் பாதிக்கும் கீழே விழுந்தது. ஆர்டர்கள் தள்ளிப்போயின. சீனாவிலிருந்து முன்பணம் கட்டி வரவழைத்த செல் கிடங்கில் நிறைந்திருந்தது. கொடுத்த பேக்குக்குப் பணம் வர மூன்று மாதம் ஆகும். வன்பொருள் தொழிலின் இயல்பே இதுதான்: லாபக் கணக்கு காகிதத்தில் ஓடும்போது பணம் பெட்டிகளாகக் கிடங்கில் அடுக்கியிருக்கும். நிறுவனர் தன் சம்பளத்தை முழுவதும் நிறுத்தினார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

ஒப்பந்த ஆட்களைக் குறைப்பதென்று ஒரு சனிக்கிழமை முடிவானது. நிறுவனம் ஒப்பந்தக்காரரிடம் சொன்னது. ஒப்பந்தக்காரர் வேன்காரரிடம் சொன்னார். பெண்களிடம் யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை புதுவயலில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றவர்களுக்கு வேன் வரவில்லை. எட்டரை மணி வரை நின்றிருக்கிறார்கள். ஒருத்தி என் கைபேசிக்கு அழைத்து, "வண்டி பிரேக்டவுனாண்ணே?" என்று கேட்டாள். எனக்கும் அப்போதுதான் தெரியும்.

வேலை போனதை விட அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் அவர்கள் இன்றும் பேசுகிறார்கள். ஆலை வேலையில் சீசன் முடிந்தால் மேஸ்திரி வந்து, நாளை முதல் வேலை இல்லை என்று சொல்லி, பாக்கியைக் கையில் கொடுத்துவிடுவாராம்.

பங்கு பற்றிய விவகாரம் சுருக்கமானது. முதல் ஒன்பது பேருக்கும் வளவில் உட்கார்ந்து சொல்லப்பட்ட பங்கு, முதலீட்டாளர் கையெழுத்திட்ட ஆவணங்களில் எங்கேயும் இல்லை. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி ஊழியர் பங்குத் திட்டம் என்றால் பங்குதாரர்களின் தீர்மானம் வேண்டும், கொடுத்த நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு காத்திருப்பு வேண்டும், கடிதம் வேண்டும். எதுவும் செய்யப்படவில்லை. ஏமாற்ற நினைத்தார் என்று நான் நம்பவில்லை. அவர் அதைக் கொடுத்தாயிற்று என்றே எண்ணிக்கொண்டிருந்தார், நாங்கள் வாங்கியாயிற்று என்றே எண்ணிக்கொண்டிருந்தோம்.

பெரிய ஆலையோடு ஒப்பிட்டால்

வேலை இழந்த இளைஞர்களில் சிலர் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓசூருக்கும் போனார்கள். அங்கே உள்ள குறைகள் வேறு வகை. 2021 டிசம்பரில் ஐபோன் பொருத்தும் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டால் சகதொழிலாளர்கள் நோயுற்றதை அடுத்து, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் ஆலையில் தொடங்கி ஐந்து வாரம் நீடித்த வேலைநிறுத்தத்தின் நடுநாயகமான கோரிக்கை சங்கத்துக்கு அங்கீகாரம். ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் இருக்கும்போது குறை வெளியே கேட்கிறது. இருநூறு பேர், அதிலும் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்கள் என்ற இடத்தில், குறை வீட்டுக்குள்ளேயே சுற்றி வருகிறது. மேலே உள்ளவர் என் அயித்தை மகன் என்றால் நான் எந்த அலுவலகத்தில் போய் மனுக் கொடுப்பது என்று கேட்ட பையனுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவனே ஸ்ரீபெரும்புதூரில் எட்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தான். அங்கே ஓ.டி. மணிக்கணக்குச் சீட்டில் அச்சாகி வருகிறதாம். ஆனால் காய்ச்சல் என்று படுத்தபோது எட்டிப் பார்க்க ஆளில்லையாம்.

திரும்ப அழைத்தபோது

2024இல் புதிய மானியத் திட்டங்கள் வந்து, இன்வெர்ட்டர் பேக்குக்கும் ஆர்டர் கூடியதும், நிறுவனம் பழைய ஆட்களைத் தேடியது. பற்றவைப்பு மேசைக்குப் புதிதாக எடுத்தவர்களின் ரீவொர்க் தாங்க முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். அப்போது நான் விலகிவிட்டேன். அந்த அக்காவை அழைக்க நிறுவனரே புதுவயலுக்குப் போயிருக்கிறார். அவர் காப்பி கொடுத்துவிட்டு, எழுதித் தந்தால் வருவதாகச் சொன்னாராம்.

இரண்டு பக்கத் தமிழ்க் கடிதம் தயாரானது. பத்தாவது படிக்கும் மகள் படிக்க, அவர் கேட்டுக்கொண்டே வந்து இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னார். ஒன்பது மணிக்கு மேல் பார்க்கும் வேலைக்கு இன்சென்டிவ் என்றிருந்ததை இரட்டைக் கூலி என்று மாற்றச் சொன்னார். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பேக்கை வேறொருவர் கையெழுத்தில் அனுப்பினால் அந்தத் தாளில் தன் பெயர் இருக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். இரண்டும் எழுதப்பட்டன. வேலை நிறுத்தப்பட்டால் ஒரு வாரம் முன்பே சொல்லப்படும் என்ற வரியை நிறுவனர் தானாகவே போட்டிருந்தார். இப்போது லைனில் உள்ள எல்லாருக்கும் அதே கடிதம்தான். நீலம், சாம்பல் இரண்டும் போய் எல்லாருக்கும் பச்சைச் சட்டை வந்திருக்கிறது, ஆனால் ஒப்பந்தக்காரர் இன்னும் இருக்கிறார்.

நான் போட்ட அந்தக் கையெழுத்துத் தாளின் நகல் தரப் பிரிவில் புதிதாகச் சேர்பவர்களுக்குக் காட்டப்படுகிறது என்று அங்கே உள்ள நண்பர் சொன்னார். என் பெயரை மட்டும் மறைத்திருக்கிறார்களாம். முதல் ஒன்பது பேரில் இன்னும் மூன்று பேர் அங்கே இருக்கிறார்கள். பங்கு பற்றிய கடிதம் இதை எழுதும் நாள் வரை யாருக்கும் வரவில்லை.